நெட் பிரச்சினை, வரவில்லை

27 அக்டோபர் 2025, திங்கள்

இன்று முதல் எங்கள் டீமின் ஸ்டாண்டப் கூட்டம் மதியம் இரண்டரைக்கு. வெள்ளிக்கிழமை வரை ஒன்றரைக்கு இருந்தது. அயர்லாந்தில் குளிர்காலம் வருகிறதென்று நேற்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்களாம். அவர்களுக்குக் காலை ஒன்பது ஒன்பதாகவே இருக்கிறது. கிருமாம்பாக்கத்தில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் எனக்குத்தான் மாறுகிறது. நல்லதுதான், நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு உட்காரலாம்.

உட்காரலாம் என்று எழுதிவிட்டேன். நான் எங்கே உட்காருகிறேன்? பதினைந்து நிமிடக் கூட்டம், டீமில் ஐந்து பேர், ஆளுக்கு மூன்று பதில்: நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், என்ன தடை. அயர்லாந்துப் பக்கத்தில் ஓர்லா கேட்டுக்கொண்டிருப்பார். அங்குள்ள கிளினிக்குகளுக்கு நாங்கள் செய்துதரும் சாஃப்ட்வேருக்கு அவர்தான் பொறுப்பு. ஜூனில் ஒருநாள் நான் சொன்னதை மூன்று முறை "சாரி?" என்று கேட்டார். மூன்றாவது முறை நம் ஆள் யாரோ சிரித்தார்கள். அன்றோடு கூட்டத்தில் வாய் திறப்பதை நிறுத்திவிட்டேன். கோட் எழுதச் சொன்னால் விடிய விடிய எழுதுவேன். "ஹலோ எவ்ரிஒன்" என்று சொல்லச் சொன்னால் விரல் மியூட் பட்டனுக்குப் போகிறது.

டீமில் என்னோடு இருக்கும் ஜெயசுதா, என் ஜெயாதான் காப்பாற்றினாள். "ராணி, நீ டைப் பண்ணி எனக்கு அனுப்பிடுடி. நான் சொல்லிட்றேன். கேட்டா உனக்கு நெட் இல்லன்னு சொல்லிக்கலாம்" என்றாள். ஊரில் நெட் போவது புதிதா என்ன, எல்லோரும் நம்பிவிட்டார்கள். அதிலிருந்து தினமும் கூட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்னால் அலாரம் வைத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். இரண்டு டிக், நீல நிறம், ஒரு கட்டைவிரல். என் ஸ்டாண்டப் முடிந்தது.

29 அக்டோபர்

பிடித்துவிட்டேன்!

அயர்லாந்தில் நேற்று பத்து மணிக்கு வரவேண்டிய நோயாளிகள் ஒன்பதுக்கே வந்து பூட்டிய கதவைத் தட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு நினைவூட்டல் மெசேஜ் அனுப்புவது என் பகுதி. முதல் வரி முதல் கடைசி வரி வரை நான் எழுதியது. எனவே காலையில் பயந்துபோய்த்தான் உட்கார்ந்தேன். பிறகு நம் மீட்டிங் நேரம் மாறியது ஞாபகம் வந்தது. அதேதான்! கோடையில் பதிவு செய்த நேரங்களை என் புரோகிராம் குளிர்காலக் கணக்குக்கு மாற்றவே இல்லை. தப்பு என்னுடையது, திருத்தியதும் நான். பதினோரு மணிக்குத் தொடங்கி இரண்டுக்கு முடித்தேன்.

ஜெயா விளக்க வேண்டுமே என்று மெசேஜில் ஒரு உதாரணமும் எழுதினேன். சர்ச்சில் பூசை நேரத்தை மாற்றிவிட்டார்கள், ஆனால் மணி அடிப்பவருக்கு யாரும் சொல்லவில்லை, மணிச்சத்தம் கேட்டு வந்தவர்கள் கதவுக்கு வெளியே நிற்கிறார்கள். போன வருடம் எங்கள் பங்கு சர்ச்சில் உண்மையில் நடந்ததுதான்.

30 அக்டோபர்

ஜெயா: "சூப்பர்டி. ஓர்லாவுக்கு ரொம்பப் புடிச்சிடுச்சி."

இரவுச் சாப்பாட்டில் இரண்டு தோசை கூடுதலாகப் போனது.

18 நவம்பர், செவ்வாய்

செவ்வாய்க்கிழமை மட்டும் ஆபீசுக்கு நேரில் போக வேண்டும். அன்றும் ஸ்டாண்டப் நேரத்துக்கு நான் மெஸ்ஸுக்கு நழுவிவிடுவேன். ஜெயா பாகூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து ஹைவே பஸ் ஸ்டாப்பில் என்னை ஏற்றிக்கொள்வாள். இன்று நல்ல மழை. ஒரே ரெயின்கோட். "நீ போட்டுக்கோ, உனக்குத்தான் சளி" என்று என் தலையில் மாட்டிவிட்டு அவள் நனைந்துகொண்டே ஓட்டினாள். ஆபீஸ் போய்ச் சேரும்போது அவள் துப்பட்டாவைப் பிழிந்தால் ஒரு குடம் நீர் வந்திருக்கும்.

இதை எழுதி வைக்கிறேன். கூடப்பிறந்தவள் இருந்தால் இப்படித்தான் இருப்பாள்.

12 டிசம்பர்

அனுப்பினேன். நீலமானது. வேலை முடிந்தது.

8 ஜனவரி 2026, வியாழன்

தம்பி பிரிட்டோ ஒருவழியாக ஃபைபர் லைன் இழுத்துவிட்டான். கம்பி ஜன்னல் வழியாக உள்ளே வந்து மாதா படத்துக்குப் பக்கத்தில் பெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. "இனிமே நெட் இல்லன்னு கதை வுடாத" என்கிறான். தெரிந்துதான் சொல்கிறானா?

நாளை பெரிய கூட்டம். இரண்டு வாரத்தில் முடித்ததை அயர்லாந்து ஆட்கள் இருபது பேருக்குக் காட்டுவது. அத்தனை கூட்டத்தில் கேமராவை அணைத்துவிட்டு ஒரு மூலையில் இருந்தால் யார் பார்க்கப்போகிறார்கள்? என் பகுதியைக் காட்டும்போது என்ன சொல்கிறார்கள் என்று ஒரு தடவை என் காதாலேயே கேட்க ஆசை.

9 ஜனவரி

எழுதிடறேன்.

போனேன். ஐந்து நிமிடம் தாமதம். ஜெயா தன் திரையைக் காட்டிக்கொண்டிருந்தாள், நான் வந்ததைப் பார்த்திருக்க மாட்டாள். நினைவூட்டல் பகுதி வந்தது. அயர்லாந்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெரிய அதிகாரி அக்டோபரில் என்ன நடந்தது என்று கேட்டார். ஜெயா பதில் சொல்வதற்கு முன் ஓர்லா சிரித்துக்கொண்டே, "அந்த டெம்பிள் கதையைச் சொல்லு ஜெயசுதா, எனக்கு ரொம்பப் பிடித்தது" என்றார்.

டெம்பிள் கதை.

ஜெயா சொன்னாள். எங்க ஊர் டெம்பிளில் பூஜை நேரத்தை மாற்றிவிட்டார்கள், மணி அடிப்பவருக்கு யாரும் சொல்லவில்லை, மணிச்சத்தம் கேட்டு வந்தவர்கள் கதவுக்கு வெளியே நிற்கிறார்கள். "அது மாதிரிதான் நம் புரோகிராமும் என்று எனக்குத் தோன்றியது, மூன்று மணி நேரத்தில் சரிசெய்துவிட்டேன்." அழகான இங்கிலீஷ். கைதட்டினார்கள். இருபது பேர்.

ஜெயா என் பேரைச் சொல்ல மறந்துட்டாள்னு நெனச்சிருப்பேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சிருப்பேன். மனசு அதுக்குத்தான் ஓடுச்சு. ஆனா சர்ச்சு டெம்பிள் ஆயிருக்கே? மறந்துபோறவ இதை மாத்துவாளா? உக்காந்து யோசிச்சு, இது சகாயராணி வூட்டுக் கதை, ஜெயசுதா வாயில பொருந்தாதுன்னு பாத்து மாத்தியிருக்கா.

நான் மியூட்டில் இருந்தேன். அழுததும் மியூட்டில்தான்.

10 ஜனவரி, சனி

ஒவ்வொரு கூட்டத்துக்கும் பிறகு மெஷின் தானாகக் குறிப்பு எழுதி எல்லோருக்கும் மெயில் அனுப்பும். யார் குரல் கேட்டதோ அவர் பேருக்கு நேரே அவர் சொன்னது. நான் ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. கூட்டத்துக்கே போகாதவளுக்குக் குறிப்பு எதற்கு என்ற திமிர்.

இன்று எல்லாவற்றையும் திறந்தேன். ஜூனில் "சகாயராணி சார்பாக ஜெயசுதா" என்று இருக்கிறது. அப்போது ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறாள். ஆகஸ்டில் அது "நாங்கள்" ஆகிறது. செப்டம்பருக்குப் பிறகு "நான்". என் மெசேஜையும் குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த டெம்பிளைத் தவிர ஒரு கமாகூட மாறவில்லை.

எனக்கு நேரே, ஆபீஸ் போன செவ்வாய்களில்கூட, தினமும் ஒரே வரி. சகாயராணி: நெட் பிரச்சினை, வரவில்லை. நெட் பிரச்சினை, வரவில்லை. பொங்கல் வரப்போகிறது, இன்னும் நெட் பிரச்சினை.

இந்தப் பொய் நாங்கள் இருவரும் சேர்ந்து சொன்னது. அதுதான் கொல்கிறது. யாரிடம் போய் என்னவென்று சொல்வது?

13 ஜனவரி, செவ்வாய்

ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டேன். முகத்தைப் பார்த்துக் கேட்கத் தைரியம் இல்லை. தவளக்குப்பம் தாண்டியதும் கேட்டேன்.

"ஏன்டி சர்ச்ச டெம்பிளா மாத்துன?"

வண்டி மெதுவானது. "நீ வெள்ளிக்கெழம வந்தியா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நான் சொல்லும்போது எங்க வூட்டு மாதிரிதான சொல்ல முடியும்? அதுல இன்னா இப்ப?"

"அது நான் செஞ்ச வேலைடி."

"நீதான பேச மாட்டேன்னு அழுத? தெனம் உன்துக்கும் சேத்து நான் வாயத் தொறக்கணும். ஒவ்வொரு வரிக்கும் இது ராணி, இது நானுன்னு பிரிச்சிப் பிரிச்சிச் சொல்லிட்டிருக்க முடியுமா? நான் பேசலன்னா உன் வேல அவுங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."

"இப்ப மட்டும் தெரிஞ்சிடுச்சா?"

அவள் வண்டியை முறுக்கினாள். அரியாங்குப்பம் பாலத்தில் டிராஃபிக்கில் நிற்கும்போது, "நாம ரெண்டு பேரும் ஒண்ணுன்னு நெனச்சேன்" என்றாள். சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. நான்தான் ஏதோ தப்பு செய்தவள் மாதிரி ஆகிவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தேன்.

23 ஜனவரி, வெள்ளி

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரெட்ரோ கூட்டம். எது நன்றாகப் போனது, எது போகவில்லை என்று திரையில் ஆளுக்கொரு கார்டு ஒட்ட வேண்டும். பேர் தெரியாது. எங்கள் லீட் புகழ்வேந்தன் சார் ஒவ்வொரு தடவையும் மந்திரம் மாதிரிச் சொல்வார்: "இங்க பேசறது இந்த ரூமத் தாண்டாது. யார் எழுதினாங்கன்னு யாருக்கும் தெரியாது. மனசு வுட்டு எழுதுங்க."

மனசு விட்டு எழுதினேன். "ஒருவர் செய்த வேலையை அவரவரே சொல்ல வேண்டும்." அவ்வளவுதான். யார் பேரும் இல்லை.

அந்தக் கார்டைச் சத்தமாகப் படித்துவிட்டு, "நல்ல பாயிண்ட்" என்றார். அடுத்த கார்டுக்குப் போய்விட்டார்.

27 ஜனவரி, செவ்வாய்

புகழ் சார் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். "அந்தக் கார்டு உங்களுதுதானே?"

யாருக்கும் தெரியாது என்றீர்களே சார் என்றேன். "அட்மின் நான், எனக்குத் தெரியும் ராணி. நல்லதுக்குத்தான் பாத்தேன்" என்றார். நல்லதுக்குத்தான் ஜெயாவிடமும் சொல்லிவிட்டாராம். "ரெண்டு ஃபிரெண்ட்ஸ், உங்களுக்குள்ள பேசித் தீத்துக்குங்க."

கோடில் ஒவ்வொரு வரிக்கும் எழுதியவள் என்று என் பேர் இருக்கிறது, திறந்து பாருங்கள் என்றேன். அதற்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எனக்குத் தெரியாதா இன்னா? ஆனா கோட எவன் தொறந்து பாக்கறான்? மேல போறது நோட்ஸ்தான். நோட்ஸ்ல நீங்க இல்ல."

ஆக, தெரிந்திருக்கிறது. முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.

மத்தியானம் ஜெயா என்னைத் தாண்டி மெஸ்ஸுக்குப் போனாள். என் தட்டுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

30 ஜனவரி

இனி நானே பேசுகிறேன் என்று முடிவு. இன்று போனேன். பேர் கூப்பிட்டார்கள். "எஸ்டர்டே" என்றேன். அதற்குமேல் வரவில்லை. ஜெயா காத்திருந்தாள், ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. புகழ் சார், "நெட் கட்டாவுது போல" என்று அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்.

மாதா படத்துக்குப் பக்கத்தில் நெட் பெட்டி பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது.

17 பிப்ரவரி, செவ்வாய்

ஆட்குறைப்பு மெயில் வந்தது. ஏப்ரல் முதல் ஓர்லா டீமில் ஐந்து பேர் வேண்டாம், மூன்று பேர் போதும். மீதி இரண்டு பேருக்குக் கம்பெனியில் வேறு வேலை இல்லை. மார்ச் 31 கடைசி நாள். இருக்கப்போகும் மூவரில் ஜெயா உண்டு. நான் இல்லை.

எங்கள் தெருவில் இன்ஜினியரிங் படித்து, படித்த படிப்புக்கே வேலை பார்ப்பவள் நான் ஒருத்திதான். அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

18 பிப்ரவரி

சொன்னேன். நெற்றியில் விபூதிப் புதன் சாம்பலோடு கேட்டுக்கொண்டிருந்தாள் அம்மா. கத்தவில்லை. சொன்னது இதுதான்:

"அவுங்க வயல்ல பத்து வருசம் நட்டேன். ஒரு நாளு இது இந்த அமிர்தம் நட்டதுன்னு யாரும் சொன்னதில்ல. அது வயலு, அப்படித்தான்னு வுட்டுட்டேன். படிச்சா மாறிடும்னு நெனச்சேன்டி."

அம்மா ஜெயா வீட்டு வயலில் வேலை செய்தது எனக்குத் தெரியும். ஜெயாவுக்கும் தெரியும். மூன்று வருடமாக நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பேசாமல் இருந்ததை நான் சிநேகம் என்று நினைத்துக்கொண்டேன்.

4 மார்ச்

என் பகுதியை ஒப்படைத்துவிட்டுப் போகச் சொல்லி மெயில். நாலு நாள், தினம் ஒரு மணி நேரம், ஜெயாவுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். ரெக்கார்ட் ஆகும்.

அவளே செய்த வேலையை அவளுக்கு நான் எதற்கு விளக்க வேண்டும்? யாரும் இதைக் கேட்கவில்லை. வேடிக்கையாக இருக்கிறது.

9 மார்ச், திங்கள்

முதல் நாள். நானும் ஜெயாவும் மட்டும். அவள் கேமரா போடவில்லை.

ஓர்லா இல்லை, சிரிக்க ஆள் இல்லை. இனி பறிபோவதற்கு வேலையும் இல்லை. வாய் திறந்துகொண்டது. என் இங்கிலீஷ் அதே ஓட்டை இங்கிலீஷ்தான், ஆனால் நிற்கவில்லை. இந்த வரி ஏன் இப்படி, இதற்கு முன்னால் எப்படி எழுதிச் சொதப்பினேன், எதைத் தொட்டால் எது உடையும் என்று எல்லாம் சொன்னேன். அக்டோபர் பிழை வந்தபோது உதாரணத்தையும் சொன்னேன். சர்ச், பூசை, மணி. கதவுக்கு வெளியே நின்றவர்களில் எங்கள் அம்மாவும் ஒருத்தி என்று சொன்னேன். யாரும் கேட்காமலே சொன்னேன்.

"டவுட் இருக்கா?" என்றேன். "இல்ல" என்றாள்.

இரவு மெஷின் குறிப்பு வந்தது. ஐம்பத்திரண்டு நிமிடம். வரிக்கு வரி முன்னால் சகாயராணி, சகாயராணி, சகாயராணி. ஜெயசுதா ஒரே இடத்தில். "இல்ல."

இரண்டு தடவை படித்தேன்.

24 மார்ச், செவ்வாய்

ஆபீசில் ஸ்டாண்டப் முடிந்ததும் ஜெயா என் மேஜைக்கு வந்தாள். ஜனவரிக்குப் பிறகு இன்றுதான் வந்திருக்கிறாள்.

"ஓர்லா கிட்ட இன்னாடி சொன்ன?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏப்ரலுக்கு முன் எல்லாம் சரியாக ஒப்படைக்கப்பட்டதா என்று பார்க்க ஓர்லா அந்த நாலு ரெக்கார்டிங்கையும் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். இன்று கூட்டம் முடிந்ததும் ஜெயாவை மட்டும் நிறுத்தி, கோபமே இல்லாமல், ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். அது சர்ச்சா, டெம்பிளா?

"நான் யார் கிட்டயும் எதுவும் சொல்லல. உனக்குச் சொல்லிக் குடுக்கச் சொன்னாங்க. சொல்லிக் குடுத்தேன்."

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் எழுத மாட்டேன், நன்றாகவே இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில்தான் அந்த ரெயின்கோட் ஞாபகம் வந்து தொலைந்தது.

27 மார்ச்

புகழ் சார் போன். "ஓர்லா உங்களக் கேக்கறாங்க. மூணு பேர்தான், அதுல மாத்தம் இல்ல. ஜெயசுதாவுக்குப் பதிலா நீங்க. எனக்கு எப்பவுமே உங்க மேல நம்பிக்கை உண்டு ராணி." கடைசி வரியைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

29 மார்ச், குருத்தோலை ஞாயிறு

பூசை முடிந்து குருத்தோலையோடு திரும்பும்போது அம்மா கேட்டாள், "அந்தப் பொண்ணு வேலையயா வாங்கிக்கப் போற?"

"இல்லம்மா. என் வேலைய."

வீடு வந்ததும் அம்மா குருத்தோலையை மாதா படத்துக்கு மேல் செருகிவிட்டு உலை வைக்கப் போனாள்.

இன்று அயர்லாந்தில் கடிகாரத்தை மறுபடி முன்னால் தள்ளுகிறார்கள். நாளைக்கான நினைவூட்டல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் சரியான நேரத்தில் இருக்கின்றன.

30 மார்ச்

சரி என்று சொல்லிவிட்டேன்.

1 ஏப்ரல், புதன்

ஸ்டாண்டப் மறுபடி ஒன்றரைக்கு. திரையில் ஐந்து கட்டம் இருந்த இடத்தில் மூன்று, ஓர்லாவோடு சேர்த்து நாலு. என் முறை வந்தது. நேற்று, இன்று, தடை ஒன்றும் இல்லை. ஓர்லா ஒரே ஒரு தடவை "சாரி?" என்றார். திருப்பிச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன். கூட்டத்துக்கு முன்னால் ஒன்றே காலுக்கு, கூட்ட நேரத்தோடு தானே நகரும் அந்தப் பழைய அலாரம் அடித்தது, அதை நிறுத்த மறந்திருக்கிறேன். சாப்பிட்டுக்கொண்டே பழைய பழக்கத்தில் ஒரு கையால் மூன்று பதிலையும் டைப் பண்ணி, வழக்கமான இடத்தில் அனுப்பியும் விட்டேன். போன பிறகுதான் மேலே பேரைப் பார்த்தேன். ஜெயா.

ஒரு டிக் விழுந்தது. இப்போது இரவு ஒன்பது மணி. இன்னும் ஒரு டிக்தான்.